13 வருட வெப் டிசைன்: கையில் மிஞ்சிய கருவிகள்

போன மாதம் ஒரு பழைய கிளையன்ட் கூப்பிட்டார். 2012-இல் நான் தனியாகத் தொழில் தொடங்கியபோது செய்த முதல் தளங்களில் ஒன்று அவருடையது. "தம்பி, நம்ம பழைய சைட்டுல முகப்புல ஒரு படம் வரைஞ்சு கொடுத்தீங்களே, அது வேணும். போர்டு அடிக்கணும். உங்ககிட்ட இருக்கும்ல?" என்றார். "இருக்கு சார், அனுப்புறேன்" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி மாட்டினேன். கோப்பு இருந்தது. திறக்கத்தான் வழியில்லை. அதை வரைந்த செயலியைத் தயாரித்தவர்கள் எப்போதோ கைகழுவிவிட்டார்கள். என் இப்போதைய கணினியில் அது ஏறவே மாட்டேன் என்கிறது. வேறு செயலிகளில் போட்டால் லேயரெல்லாம் ஒட்டி ஒரே தட்டையான படமாக வருகிறது, அதுவும் 300 பிக்சல் அகலத்தில். கடைசியில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அதன்மேலேயே திரும்ப வரைந்து கொடுத்தேன்.

அதே ஃபோல்டரில் அந்தத் தளத்தின் எச்டிஎம்எல் கோப்பும், அதாவது பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதிய உரைக்கோப்பும், கிடந்தது. இரண்டு முறை தட்டினேன், பிரவுசரில் அப்படியே திறந்துகொண்டது. போனில்தான் எறும்பு எழுத்தாகத் தெரிந்தது. அப்போதெல்லாம் 960 பிக்சல் என்று அகலத்தை ஆணியடித்து வைப்போம். அந்த ஓர் எண்ணை எடுத்துவிட்டு, கோப்பின் தலைப்பகுதியில், திரை அகலத்துக்கேற்பக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் வரியைச் சேர்த்ததும் ஓரளவு ஒழுங்காக நின்றது.

இத்தனை வருடம் பயன்படுத்திய கருவிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாள் நினைப்பு. எதை வைத்து அளப்பது என்பதுதான் பிடிபடாமல் இருந்தது. இப்போது ஓர் அளவுகோல் கிடைத்திருக்கிறது. இந்தக் கருவி நாளைக்குக் காணாமல் போனால் என் கையில் என்ன மிஞ்சும்?

பக்கங்களை வரையும் டிசைன் செயலியான ஃபிக்மாவில் 2018 முதல் இருக்கிறேன். அதற்கு முன் ஃபோட்டோஷாப்பில் முழுப் பக்கத்தையும் வரைந்து, துண்டு துண்டாக வெட்டி எடுத்தேன். நடுவில் கொஞ்ச காலம் ஸ்கெட்ச் என்ற செயலி. ஃபிக்மா பிரவுசரிலேயே ஓடுவதால் கிளையன்டுக்கு லிங்க் அனுப்பினால் போதும். அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அவருடைய கர்சர் ஓரமாக வந்து நிற்கும். பேசாது, நகராது. தோளுக்குப் பின்னால் ஆள் நிற்பது போலவே இருக்கும். இத்தனை வருடத்தில் இதற்கு மட்டும் பழகவில்லை.

2019 கடைசியில் வந்த ஆட்டோ லேஅவுட்தான் என் வேலையை உண்மையில் மாற்றியது. பொத்தானில் உள்ள சொல் நீண்டால் பொத்தானும் கூடவே நீளும். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஃபிளெக்ஸ்பாக்ஸ் என்ற வசதி செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தான் என்பதால், வரைந்தது ஒன்று கோடில் வந்தது வேறொன்று என்ற சண்டை பாதியாகக் குறைந்தது.

2022 செப்டம்பரில் அடோபி நிறுவனம் 2000 கோடி டாலருக்கு ஃபிக்மாவை வாங்கப்போவதாக அறிவித்தபோது எனக்குக் கொஞ்சம் கிலி பிடித்தது. கைமாறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. என் நான்கு வருட வேலையும் அவர்கள் சர்வரில்தான் இருந்தது. ஒரு வாரம் வேறு வேலையைத் தொடாமல், முக்கியமான எல்லாவற்றையும் எஸ்விஜி (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத பட வடிவம்), பிடிஎஃப் என்று இறக்கி வைத்தேன். 15 மாதம் கழித்து, 2023 டிசம்பரில், அந்த ஒப்பந்தமே கைவிடப்பட்டது. பயம் வீண், பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. இப்போது ஒவ்வொரு வேலை முடிந்ததும் படங்கள் எஸ்விஜியாக, பக்கங்கள் பிடிஎஃப்பாக, கூடவே எந்த எழுத்துரு, எந்த நிறம், ஏன் என்று சாதாரண உரைக்கோப்பில் ஒரு பக்கம். அந்த "ஏன்"தான் பிற்பாடு அதிகம் உதவுகிறது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பச்சையை எதற்குப் போட்டேன் என்று எனக்கே நினைவிருப்பதில்லை.

பென்பாட் என்ற திறமூலச் செயலியிலும் ஒரு சிறிய வேலையை முழுதாக முடித்துப் பார்த்தேன். எஸ்விஜியையே அடிப்படையாக வைத்துக் கட்டியிருப்பதால் மனதுக்கு நெருக்கமாக இருந்தது. ஆனாலும் கை ஃபிக்மாவுக்குத்தான் போகிறது. பழக்கதோஷம்.

கோட் எழுத 2017-இலிருந்து விஎஸ் கோட் என்ற செயலி. ஒரு காலத்தில் அதில் நாற்பது எக்ஸ்டென்ஷன் வைத்திருந்தேன். இப்போது ஆறு. மற்றபடி என் கோடில் நடந்ததெல்லாம் கழித்தல்தான். 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும் ஒரே மாதத்தில், பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட்டைக் கொண்டுவந்தன. ஃப்ளோட் என்ற பழைய வழியை வைத்து மூன்று பத்தி நிற்கவைத்து, கீழே இருப்பது மேலே ஏறிக்கொண்டு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அந்த நிம்மதி புரியும். அதோடு தயார்நிலை கிரிட் நூலகங்கள் போயின. அப்புறம் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். 2023-இல் சிஎஸ்எஸ்ஸிலேயே விதிக்குள் விதி எழுதும் வசதி எல்லா முக்கியப் பிரவுசர்களுக்கும் வந்ததும், அதுவரை அதற்கு உதவிய சாஸ் முன்செயலியையும் நிறுத்திவிட்டேன்.

பேஷனுக்காகக் கழிக்கவில்லை, பட்டு அறிந்தது. 2016-இல் செய்த ஒரு தளத்தில் 2021-இல் ஒரே ஒரு நிறத்தை மாற்ற வேண்டியிருந்தது. என் கோடை வெளியிடும் கோப்புகளாக மாற்றித் தரும் பில்ட் கருவி புதிய கணினியில் ஓட மறுத்தது. பழைய பதிப்பை நிறுவினால் வேறொன்று முரண்டு பிடித்தது. காலையில் உட்கார்ந்தவன் சாயங்காலம், போய்த் தொலை என்று, கடைசியில் வெளிவந்த சிஎஸ்எஸ் கோப்பை நேரடியாகத் திறந்து நிறத்தை மாற்றினேன். அரை நிமிட வேலை.

இப்போது என் சொந்தத் தளங்களுக்கு, பக்கங்களை உருவாக்கித் தரும் லெவன்டி என்ற கருவி போதும். அதுவும் ஒருநாள் ஓடாமல் போகலாம், ஆனால் அது விட்டுச்செல்வது வெறும் எச்டிஎம்எல். கிளையன்ட் தானே எழுதிப் போட வேண்டும் என்றால் இன்றும் வேர்ட்பிரஸ்தான் பரிந்துரைப்பேன். எனக்கு அதன்மேல் பெரிய காதலெல்லாம் இல்லை. ஆனால் 2003-இலிருந்து நிற்கிறது, நாளை நான் தொழிலை விட்டுவிட்டாலும் அவருக்கு வேறு ஆள் கிடைப்பார்.

ஏஐ பற்றிக் கேட்பீர்கள். சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுத வைத்துக்கொள்கிறேன், நேரம் மிச்சமாகிறது. டிசைன் கேட்டால் எல்லோருக்கும் கொடுக்கும் அதே ஊதா நிறச் சாய்வைத்தான் எனக்கும் கொடுக்கிறது.

மடிக்கணினி 2020-இல் வெளியான எம்1 மேக்புக் ஏர், 16 ஜிபி நினைவகம். விசிறியே கிடையாது. நான்கு வருடத்துக்கு மேலாகியும் மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. மானிட்டர் விஷயத்தில்தான் தடுமாறினேன். முதலில் 34 அங்குல வளைந்த அகலத் திரை வாங்கினேன், இரண்டு வருடம் ராஜா மாதிரி இருந்தது. பிறகுதான் புரிந்தது, அகலமான திரை முன்னால் உட்கார்ந்தால் அகலமான பக்கங்களாகவே தோன்றுகின்றன. பார்க்கப்போகிறவர்களோ 360 பிக்சல் அகலப் போனில் பார்க்கிறார்கள். அதை விற்றுவிட்டு 27 அங்குல 4கே திரைக்கு மாறினேன். அதில் போன் அளவுச் சட்டத்தை நடுவில் வைத்து முதலில் அதை வரைகிறேன்.

நிறத்தில் ஒருமுறை மானம் போயிருக்கும். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைக்க மறந்து, ஒரு தளத்துக்குப் பின்னணியாக அழகான தந்த நிறம் தேர்ந்தெடுத்தேன். காலையில் பார்த்தால் வெளிறிப்போன நீலம். நல்லவேளை, அனுப்பவில்லை. இப்போது அந்த வசதியைத் தொடுவதே இல்லை.

இருப்பதிலேயே உருப்படியான கருவி, திரை விரிசல் விட்ட பழைய ஆண்ட்ராய்டு போன். 2 ஜிபி நினைவகம். கூகுளின் அளவுகோல்படி பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால்தான் நல்ல தளம். என் மடிக்கணினியில் எல்லாமே கண்சிமிட்டும் நேரத்தில் வந்துவிடும், அதை நம்பினால் போச்சு. நான் பெருமையாகச் செய்த ஒரு முகப்பு இந்தப் போனில் நகரத் தொடங்க எட்டு விநாடி எடுத்தது. அதிலிருந்த சுழலும் படவரிசையை அன்றே தூக்கினேன். "அது ரொம்ப நல்லா இருந்துச்சே" என்ற கிளையன்டின் கையில் போனைக் கொடுத்துத் திறக்கச் சொன்னேன். அப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை.

மணிக்கட்டு வலி வந்த பிறகு செங்குத்து மவுஸ். முதல் வாரம் எதன்மீதும் குறி சரியாக விழாது, பொறுத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பதைத் தொட்டதும் வெளிர் சாம்பல் எழுத்தின் மீதிருந்த மோகமும் போய்விட்டது. பார்வைக் குறை உள்ளவர்களும் படிக்க உதவும் அணுகல் வழிகாட்டிகள், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற நிற வேறுபாடு கேட்கும்போது முன்பு சலித்துக்கொள்வேன். இப்போது அது எனக்காகவே எழுதியது போலிருக்கிறது.

தமிழ்த் தளங்கள் தனிக் கதை. வாங்கும் டெம்ப்ளேட் எல்லாமே ஆங்கிலத்தை மனதில் வைத்து வரைந்தவை. தலைப்பை எடுத்துக்காட்டப் பெரிய எழுத்து என்பார்கள், நமக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. மேற்கோளைச் சாய்த்துப் போடு என்பார்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே இல்லை, பிரவுசரே பிடித்துத் தள்ளிச் சாய்க்கும், பார்க்கச் சகிக்காது. சின்ன அளவில் தடித்த எழுத்து போட்டால் ண, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு மைப் பொட்டாகிவிடும். ஆகவே நான் தடிமனைக் குறைத்து அளவையும் நிறத்தையும் வைத்தே வேறுபாடு காட்டுகிறேன். வரி உயரம் எழுத்தளவைப்போல 1.7 மடங்கு கொடுக்கிறேன். இல்லாவிட்டால் மேல்வரியின் கூவும் கீழ்வரியின் கீயும் இடித்துக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய பாடு சொல்லின் நீளம். மெனுவில் நான்கெழுத்துக்கு விட்ட இடத்தில் "தொடர்புகொள்ளுங்கள்" வந்து உட்காரும். "தொடர்பு" என்று சுருக்க முடியும், ஆனால் எல்லாவற்றையும் சுருக்க முடியாது. அதனால் தமிழ்த் தளமென்றால் நீளமான சொற்களை எழுதி வைத்துக்கொண்டுதான் வரையவே தொடங்குகிறேன். எழுத்துரு பெரும்பாலும் முக்தா மலர், நீண்ட கட்டுரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை. ஒரே தொல்லை, தமிழில் அடித்துவிட்டு மாற்ற மறந்தால் டிசைன் செயலியின் குறுக்குவழி விசைகள் பல வேலை செய்யாது. நாளுக்கு நான்கு முறையாவது நடக்கிறது.

அந்த ஹார்ட் டிஸ்க்கில் இன்னொன்றும் கிடைத்தது. தொழிலுக்கு வருமுன், விளையாட்டாகச் செய்த என் முதல் தமிழ்ப் பக்கம். யூனிகோடு புழக்கத்துக்கு வராத நாட்களில், தனிக் குறியேற்றம் கொண்ட ஓர் எழுத்துருவில் அடித்தது. எச்டிஎம்எல் என்பதால் திறந்தது. ஆனால் எழுத்துரு கைவசம் இல்லாததால் ரோமன் எழுத்தும் குறியுமாக ஒரே குழப்பம். என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, ஒருநாள் உட்கார வேண்டும்.

வேலை நாள் என்று சொல்ல அதிகமில்லை. காலை முதல் இரண்டு மணி நேரம் மெயிலைத் திறப்பதில்லை, அப்போது காகிதத்தில் பென்சிலால் வரைகிறேன். பிற்பகல் கோடும் அழைப்புகளும். ஆறு மணிக்கு மேல் திரை கிடையாது என்று ஒரு விதி உண்டு, வாரத்தில் மூன்று நாள் காப்பாற்றுகிறேன்.

திரைக்கு வெளியே இருப்பது மாமா கொடுத்த பென்டாக்ஸ் கே1000. 1976-இலிருந்து 1997 வரை தயாரான ஃபிலிம் கேமரா. எல்லாமே இயந்திரம், உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி வெளிச்சத்தை அளக்க மட்டும். அது தீர்ந்தாலும் படம் எடுக்கலாம். ஒரு சுருளுக்கு 36 படம். என் முதல் சுருளில் 36-ஐயும் பார்த்துப் பார்த்து எடுத்தேன். 40 தாண்டியும் லீவர் நகர்ந்தபோதுதான் சந்தேகம் வந்தது. ஃபிலிமின் நுனி பல்லில் மாட்டவே இல்லை. ஒரு படமும் விழவில்லை. லீவரை இழுக்கும்போது இடதுபக்கக் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை மாமா அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே மாமா" என்றேன். "எனக்கும் யாரும் சொல்லலடா" என்றார்.

கேமராவோடு அவருடைய பழைய நெகட்டிவ் உறைகளையும் கொடுத்திருந்தார். அவற்றைப் பார்க்க விளக்குப் பெட்டி வேண்டும். நான் வெறும் வெள்ளைப் பின்னணி மட்டும் கொண்ட எச்டிஎம்எல் கோப்பு ஒன்றை எழுதி, பிரவுசரில் முழுத்திரையாக்கி, வெளிச்சத்தைக் கூட்டி, அதன் முன்னால் நெகட்டிவைப் பிடித்துப் பார்க்கிறேன். திரைமேல் ஒட்டி வைத்தால் பிக்சல் கோடுகள் தெரியும், நான்கைந்து விரல்கடை தள்ளிப் பிடிக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பார்த்ததில் ஒரு கட்டத்தில் அம்மா தெரிந்தாள், என்னைவிடச் சின்ன வயதில், ஏதோ மரத்தடியில். முகம் கறுப்பாக, கூந்தல் வெள்ளையாக. போனில் ஒரு படம் எடுத்து நிறத்தைத் தலைகீழாக்கி மாமாவுக்கு அனுப்பினேன். எந்த ஊர் என்று யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.