செவென் பாதையா, மஞ்சள் ரயிலா?

தெற்கு பிரான்ஸில் மலை ரயிலுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், பேச்சு இந்த இரண்டில் வந்து நிற்கும். ஒன்று, கிளெர்மோன் ஃபெரானிலிருந்து நீம் வரை போகும் செவென் பாதை. மற்றது, ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலையேறும் மஞ்சள் ரயில். போன ஜூனில் நான் செவென் பாதையில்தான் போனேன். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மஞ்சள் ரயிலின் அழகைப் பற்றி இரண்டாம் பேச்சில்லை. வில்ஃபிரான்ஷிலிருந்து லத்தூர் த கரோல் வரை 63 கி.மீ., ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் (மீட்டர் கேஜ்), பக்கத்தில் ஓடும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம். 1910-ல் மோன் லூயி வரை ஓடத் தொடங்கியது. கோடையில் கூரையில்லாத பெட்டியும் இருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம். நான் மோன் லூயி வரைதான் போயிருக்கிறேன், அதுவும் வெயில் நாளில். பனிக்கால அனுபவம் எனக்கில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது சாலை. மஞ்சள் ரயிலின் பள்ளத்தாக்கில் 116-ஆம் நெடுஞ்சாலையும் கூடவே ஏறுகிறது. ரயில் கடக்கும் 65 மீட்டர் உயர செஜுர்னே பாலத்தைக் காரை நிறுத்தியே பார்த்துவிடலாம். செவென் பாதையில் லான்ஜாக் தாண்டியதும் கதை வேறு. அலியே ஆறு குறுகிய பள்ளத்தில் இறங்கிவிடும். சாலை மேட்டு நிலத்தைச் சுற்றிக்கொண்டு போய், மோனிஸ்ட்ரோல் போன்ற சில இடங்களில் மட்டும் ஆற்றுக்கு இறங்கிவரும். தண்டவாளம் மட்டும் ஆற்றை விடாது. சுரங்கப்பாதைக்குள் நுழைந்து இருட்டாகும், வெளியே வந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பச்சைத் தண்ணீரும் கரும்பாறையும், மறுபடி இருட்டு. மோனிஸ்ட்ரோலில், ஸ்பெயினின் சாந்தியாகோவுக்கு நடந்து போகிறவர்களின் அடையாளமான சிப்பியை முதுகுப்பையில் கட்டிய யாத்ரீகர் ஒருவர் இறங்கினார். அந்த நிலையத்தில் வேறு யாரும் இல்லை.

இவ்வளவு கடினமான இடத்தில் பாதை போட்டதற்குத் தெற்கு முனையில் கிடைத்த நிலக்கரி ஒரு பெரிய காரணம். நீம்–அலெஸ் பகுதி 1840-லேயே திறந்தாகிவிட்டது. வடக்கோடு முழுதாக இணைந்தது 1870-ல். பிற்காலத்தில் பாரிஸ்–மார்செய் ரயிலே இவ்வழி ஓடியது. 300 கி.மீ.க்குச் சற்று மேலான தூரத்தில் சுரங்கப்பாதைகளே நூற்றுக்கு மேல். காட்சி அடிக்கடி அறுபடுவது சிலருக்கு எரிச்சலாக இருக்கலாம், அது நியாயமான குறைதான். ஐந்து மணி நேரம் உட்காரவும் பொறுமை வேண்டும். ஆனால் வில்ஃபோர் நெருங்கும்போது, ஏரித் தண்ணீரில் கால் மூழ்கி நிற்கும் அல்தியே பாலத்தின் மேல் ரயில் போகையில் எனக்கு மணி பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் சீட்டு எடுக்கும் முன் பாருங்கள். பராமரிப்புக்காகப் பாதையின் ஒரு பகுதியை மூடி, பேருந்து விடுவதுண்டு. கால அட்டவணையில் லான்ஜாக்–லாங்கோன் இடையே, அதாவது அந்த ஆற்றுப் பள்ளப் பகுதியில், பேருந்து என்றிருந்தால் அன்று போக வேண்டாம். பேருந்து சாலை வழியாகத்தான் போகும். அன்றைக்கு மஞ்சள் ரயிலே மேல்.