பத்து இன்ச் பேண்ட்சா: பிளேடு அடிக்கடி அறுவது எதனால்?

பேண்ட்சா என்பது இரண்டு வீல்களில் பட்டை பிளேடு சுற்றி மரம் அறுக்கும் மெஷின். பத்து இன்ச் வீல் உள்ள சின்ன பேண்ட்சாவில் பிளேடு அறுந்தால் எல்லாரும் முதலில் பட்டையின் இரு முனைகளை இணைத்த வெல்டைத்தான் திட்டுகிறார்கள். நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில், பெரும்பாலும் கோளாறு பிளேடின் தடிமனில்தான். வீல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் தடிமன் போகக் கூடாது என்பது பழைய கணக்கு. 254 மி.மீ. வீலுக்கு அது 0.25 மி.மீ. அவ்வளவு மெல்லிசு கிடைப்பது அரிது, 0.36 வரை சமாளிக்கலாம். 0.64 மி.மீ. பிளேடு பெரிய மெஷினுக்கு உரியது. சின்ன வீலில் மாட்டினால் வளைந்து வளைந்தே விட்டுப்போகும். 1.8 மீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 800 மீட்டர் வேகத்தில் ஓடினால், அதன் ஒவ்வொரு இடமும் ஒரு மணி நேரத்தில் ஐம்பதாயிரம் தடவைக்கு மேல் வளைகிறது.

பைமெட்டல் (பல்லுக்குக் கடினமான வேறு எஃகு சேர்த்த பிளேடு) வாங்கினால் நீடிக்கும் என்பார்கள். பல் சீக்கிரம் மழுங்காது, உண்மைதான். ஆனால் சின்ன வீலில் பல் மழுங்கும் முன்பே பட்டை அறுந்துவிடும். காசு வீண். மெல்லிய கார்பன் பிளேடே போதும்.

அறுந்த பிளேடைத் தூக்கி எறியும் முன் முனையைப் பாருங்கள். பல்லிடுக்கிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால் தடிமன், அதிக டென்ஷன் (பிளேடின் இழுவிசை), மழுங்கிய பல்லோடு மரத்தை அழுத்தித் தள்ளியது, இவற்றில் ஒன்று. முதுகுப் பக்கமிருந்து கிளம்பியிருந்தால், பிளேடைப் பின்னாலிருந்து தாங்கும் பின் பேரிங்கைச் சோதியுங்கள். அது சுற்றாமல் நின்று, முகத்தில் பள்ளம் விழுந்திருக்கும். வெல்டிலேயே ஒடிந்திருந்தால்தான் வெல்டு போட்டவரிடம் போக வேண்டும். புது பிளேடை வாங்கும்போதே வெல்டு உள்ள இடத்தை வில்லாக வளைத்துப் பார்க்கலாம். வளைவு ஒரே சீராக வர வேண்டும். வெல்டு மட்டும் விறைத்து நின்றால் சூடேற்றிப் பதம் இறக்கவில்லை. அங்கே மட்டும் மடிந்தால் அதிகமாகத் தேய்த்து மெல்லிசாக்கிவிட்டார்கள்.

டென்ஷன் ஸ்கேலை நம்ப வேண்டாம், சின்ன மெஷின்களில் அது பெரும்பாலும் அலங்காரம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேல் கைடை (பிளேடு விலகாமல் பிடிக்கும் தாங்கியை) டேபிளிலிருந்து 150 மி.மீ. உயர்த்தி, பிளேடை விரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள். மிதமான அழுத்தத்துக்கு இரண்டு நூல், அதாவது 6 மி.மீ. போல நகர்ந்தால் சரி. அறுப்பு கோணினால் உடனே டென்ஷனை ஏற்றுவார்கள். பல் மழுங்கியதா, கைடு விலகியதா என்று பார்த்துவிட்டு ஏற்றலாம்.

பக்கக் கைடுக்கும் பிளேடுக்கும் ஒரு காகிதத் தடிமன் இடைவெளி, சுமார் 0.1 மி.மீ. கைடின் முன்விளிம்பு பல்லிடுக்குக்குச் சற்றுப் பின்னால் நிற்கட்டும். பின் பேரிங் சும்மா ஓடும்போது பிளேடைத் தொடாமல், மரம் அழுத்தினால் மட்டும் தொட வேண்டும், இடைவெளி 0.4 மி.மீ. மேல் கைடு மரத்துக்கு ஒரு நூல், இரண்டு நூல் மேலே இருந்தால் போதும்.

நாலு நூல் அகலப் பிளேடில் 63 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைவு அறுக்காதீர்கள், முறுக்கேறி விரிசல் விடும். இரண்டு நூல் அகலப் பிளேடு 16 மி.மீ. வரை திரும்பும்.

பச்சை மரம், பிசின் மரம் அறுத்த பிறகு வீலைச் சுற்றியுள்ள ரப்பர் டயரில் தூள் கெட்டியாக ஒட்டும். அந்த மேட்டில் பிளேடு ஒவ்வொரு சுற்றுக்கும் துள்ளும். வீலைக் கையால் சுற்றிக் குச்சியால் சுரண்டுங்கள். வேலை முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்துவது நல்லது. அதன் லாபம் பிளேடைவிட டயருக்கும் ஸ்பிரிங்குக்கும்தான்.

அறுந்ததை மறுபடி வெல்டு போடும் முன் முழு நீளத்தையும் வளைத்து, பூதக்கண்ணாடியில் பல்லிடுக்குகளைப் பாருங்கள். வேறு இடங்களிலும் மயிரிழை விரிசல் தெரிந்தால் வெல்டு கூலி தண்டம்.