லேன் கேபிளா, மைக் வயரா: செட்டிநாட்டு வீட்டுக்குள் ஓர் இழுபறி

கானாடுகாத்தான் பக்கம் ஒரு சாந்தி கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்), சவுண்ட் செட் எங்களுடையது. சவுண்ட் மிக்சர் முகப்பில், பந்தி நடப்பது வீட்டின் மூன்றாம் கட்டுப் பகுதியில். ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும் வீடு. வயர்லெஸ் மைக் போதாதா என்று கேட்பீர்கள். அந்தச் சுண்ணாம்புச் சுவர்களில் இரண்டைத் தாண்டுவதற்குள் சத்தம் விட்டுவிட்டு வந்தது. வயர்தான் வழி. வீட்டு ஆச்சி முதலிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, ஆத்தங்குடிக் கல்லுல டேப் ஒட்டக்கூடாது, சுவத்துல ஆணி அடிக்கக்கூடாது. மத்தபடி உங்க இஷ்டம்."

வேண்டியது நாலு லைன். மைக் வயர் என்றால் நாலு நீளம், இல்லாவிட்டால் பல லைன்களை ஒன்றாகக் கட்டிய, கை மொத்தத்துக்கு ஒரு மல்டிகோர். லேன் கேபிள் என்றால் சுண்டுவிரலைவிட மெல்லிசான ஒரே கேபிள். அதற்குள் முறுக்கிய நாலு ஜோடி, ஜோடிக்கு ஒரு சேனல். உத்தரத்தோடு ஒட்டிக் கொண்டுபோனால் கண்ணில்கூடப் படாது.

"கம்ப்யூட்டர் வயரில் பாட்டா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் முறுக்கு ஜோடி கம்ப்யூட்டருக்கு முந்தியது. கிரகாம் பெல் 1881-இலேயே தொலைபேசிக்காக அதற்குக் காப்புரிமை வாங்கினார். மைக் வயரில் போகும் பேலன்ஸ்டு லைனும் அதே சூத்திரம்தான்: ஒரே சத்தம் இரண்டு கம்பிகளில் நேரெதிராகப் போகும், மறுமுனையில் மிக்சர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். வழியில் ஏறிய இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் இருந்தால் கழித்ததும் காணாமல் போகும். அப்படி ஒரே அளவில் ஏறுவதற்குத்தான் முறுக்கு. முறுக்கின் நெருக்கத்தில் லேன் கேபிளுக்குப் பக்கத்தில் மைக் வயரால் நிற்க முடியாது.

மின்கணக்கிலும் அது தோற்பதில்லை. கேட் ஃபைவ்-ஈ ரக லேன் கேபிளின் கெபாசிடன்ஸ் (இது கூடக்கூட உயர்ந்த ஸ்தாயி மங்கும்) மீட்டருக்கு ஏறக்குறைய 50 பிகோஃபாரட். பல மைக் வயர்களில் இது கூடுதல். 100 மீட்டருக்கு ஒரு கம்பியின் தடை சுமார் 9 ஓம். லைன் இன்புட்டின் 10,000 ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. (ஸ்பீக்கருக்கு மட்டும் இதை இழுத்துவிடாதீர்கள். போக வர சேர்த்தால் 8 ஓம் ஸ்பீக்கரைவிட வயரின் தடை இரண்டு மடங்காகிவிடும்.)

மைக் வயர் ஜெயிப்பது வேறு இடங்களில். ஒன்று, கவசம். சாதாரண லேன் கேபிளில் அது இல்லை. முறுக்கு காந்தப்புலத்தைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் கிடக்கும் செல்போனுக்கும் சீரியல் லைட்டின் டிம்மருக்கும் அதை மட்டும் நம்பி விடமுடியாது. இன்னொன்று, கண்டன்சர் மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபான்டம், அதாவது மிக்சர் அதே வயரில் அனுப்பும் கரண்ட். அது இரண்டு கம்பி வழியே போய், கவசம் சேரும் 'பின் 1' வழியே திரும்ப வேண்டும். கவசம் இல்லையென்றால் திரும்பும் வழி கிடையாது. ஒரு ஜோடியைத் தியாகம் செய்து பின் 1 ஆக்கலாம், ஆனால் மிஞ்சுவது மூன்று சேனல்தான். கடையில் 'ஷீல்டு' என்று கேட்டு வாங்கினால் இரண்டு சிக்கலும் தீரும்.

நான் சறுக்கியது இது எதிலும் இல்லை, ஜோடி பிரிப்பதில். 1-2, 3-4, 5-6, 7-8 என்று வரிசையாகப் பிரித்து மைக் வயரின் கேனன் பின்னில் பற்றவைத்தேன். மீட்டரில் எல்லாம் சரி. ஆனால் பந்திக்கட்டு ஆம்ப்ளிஃபயரை அணைத்த பிறகும், அங்கிருந்து வரும் மைக் சேனலில் நாங்கள் அனுப்பிய பாட்டு மெல்லிசாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. லேன் கேபிள் முனையின் ஆர்ஜே45 பின்னில் பச்சை ஜோடி உட்காருவது 3-லும் 6-லும். நடுவில் 4, 5 நீல ஜோடி. நான் ஒரு பச்சையையும் ஒரு நீலத்தையும் சேர்த்து இரண்டு கள்ள ஜோடி உண்டாக்கியிருந்தேன். கழித்தல் கணக்கு அங்கேயே செத்துவிட்டது. நிறம் பார்த்து மாற்றிப் பற்றவைத்ததும் பாட்டு போய்விட்டது. இருந்தாலும் மில்லிவோல்ட் கணக்கில் வரும் மைக்கையும் ஒரு வோல்ட்டுக்கு மேல் போகும் லைனையும் ஒரே கேபிளில் விடுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

தினமும் விரித்துச் சுருட்டும் வேலைக்கு லேன் கேபிளை எடுத்துப்போக மாட்டேன். 305 மீட்டர் பெட்டியில் வருவது பெரும்பாலும் ஒற்றைக் கம்பி; நாலு முகூர்த்தம் மடக்கினால் உள்ளுக்குள் ஒடியும், எங்கே ஒடிந்தது என்று வெளியே தெரியாது. பின்னின் பிளாஸ்டிக் நாக்கு அதற்கும் முன்னால் போய்விடும். விலை குறைவு என்று அலுமினியத்தின்மேல் செம்பு பூசியதை வாங்கினால் இன்னும் மோசம். மைக் வயரோ பந்தி ஆட்கள் மிதித்தாலும், சாம்பார் வாளியை மேலே வைத்தாலும் தாங்கும். கோயில் திருவிழா, மேடைக் கச்சேரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதுதான்.

அன்று ராத்திரி சுருட்டப்போனபோது ஆச்சி தடுத்தார்: "இருக்கட்டும்ப்பா, தை மாசம் பேத்தி கல்யாணம்." நிரந்தரமாகக் கிடக்கப்போகிறது என்றதும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஷீல்டு போட்ட கேட் சிக்ஸ் இரண்டாக மாற்றினேன், அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று. வளவின் (உள்முற்றத்தின்) திறந்த வெளியில் வெயில்படும் இடத்தில் மட்டும் குழாய்க்குள் விட்டேன். இரண்டு முனையிலும் 'இது இன்டர்நெட் இல்லை' என்று எழுதியும் ஒட்டினேன். சிசிடிவிக்குப் போடும் மலிவான பவர் அடாப்டர், கேட்காமல் கொள்ளாமல் 4, 5, 7, 8 கம்பிகளில் கரண்டை ஏற்றும். மிக்சர் அதை வாங்கிக்கொண்டால் தை மாதம் கல்யாணத்துக்கு வேறு மிக்சர்தான் தேட வேண்டும்.

மார்கழியில் கேமரா மாட்டப் போன பையன் அங்கிருந்து போன் செய்தான்: "அண்ணே, இந்த வயர்ல நெட் வரலையே?"