அமெரிக்க ராணுவக் காயத்துக்கு 'ஃபைல் போட்டுத் தருகிறோம்' என்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்

என் தம்பி விசா லொத்தரில் அமெரிக்கா போய், அங்கே ராணுவத்தின் ரிசர்வ் படையில் சேர்ந்தவன். வருடாந்தப் பயிற்சியில் லொறியிலிருந்து குதித்தபோது முழங்கால் சவ்வு கிழிந்துவிட்டது. சத்திரசிகிச்சை செய்தும் ஓட முடியாததால், சேவையில் வைத்திருக்கலாமா என்று தீர்மானிக்கும் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பினார்கள். அந்த இடைவெளியில் அம்மாவைப் பார்க்க வெள்ளவத்தைக்கு வந்தவனை, தெரிந்த ஒருவர் பம்பலப்பிட்டியில் மாடியில் இருக்கும் ஒரு ஏஜென்சிக்குக் கூட்டிப்போனார். சுவர் முழுக்கச் சீருடைக்காரர்களின் படங்கள்.

"தம்பி, எல்லாம் நாங்கள் பார்க்கிறோம், நூறு வீத ஊனம் என்று எடுத்துத் தருவோம்" என்றார்கள். முற்பணம் மூன்று லட்சம் ரூபாய். அதோடு, மாதாமாதம் வரும் நட்டஈடு கிடைத்ததும் அதில் ஐந்து மாதத் தொகை அவர்களுக்கு என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. பற்றுச்சீட்டில் 'மொழிபெயர்ப்புக் கட்டணம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அவனுடைய ஆவணங்கள் அத்தனையும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. எதை மொழிபெயர்த்தார்கள்?

காசு போனதைவிட என்னைக் கொதிக்க வைத்தது அவர்கள் கொடுத்த ஆலோசனை. அதைச் சொல்வதற்கு முன், விதி என்ன என்று சொல்லிவிடுகிறேன். முழுநேரச் சிப்பாய் எப்போதும் கடமையில் இருப்பவன். ரிசர்வ்காரன் மாதம் ஒரு வார இறுதியும் வருடத்தில் இரண்டு வாரமும் போய்வருபவன். அதனால் காயம் கடமை நேரத்தில்தான் பட்டது என்று 'லைன் ஒஃப் டியூட்டி' தீர்மானம் கையில் இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் போர்டு இவன் சேவைக்குத் தகுதியா இல்லையா என்பதை மட்டும் பார்த்து, தகுதியில்லை என்றால் வெறுங்கையோடு அனுப்பிவிடும். அது இருந்து, அவனைச் சேவைக்குத் தகுதியற்றவனாக்கிய காயத்துக்கு 30 வீத ஊனமோ அதற்கு மேலோ என்று கொடுத்தால் ஓய்வூதியம். அதற்குக் கீழே என்றால், 20 வருட சேவை இல்லாதவர்களுக்கு ஒரே தடவையில் ஒரு தொகை. இவ்வளவு பெரிய வித்தியாசம் தங்கியிருக்கிற அந்தத் தாளைத்தான் "அதெல்லாம் இழுத்தடிக்கிற வேலை, வருகிற தீர்ப்பில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், காசு சீக்கிரம் வரும்" என்று ஒதுக்கப் பார்த்தார்கள். முதல் தீர்ப்புக்குப் பதில் சொல்லப் பத்து நாள்தான் அவகாசம். நல்ல வேளை, அவன் கையெழுத்துப் போடுவதற்கு முன் ராணுவமே இலவசமாகக் கொடுக்கும் சட்டத்தரணியோடு கதைத்தான். அவர் கேட்ட முதல் கேள்வியே அந்தத் தீர்மானம் எங்கே என்பதுதான். இப்போது அதற்கான சாட்சியங்களைச் சேர்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

ராணுவ போர்டு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விஏ என்கிற அமெரிக்க முன்னாள் படையினர் திணைக்களத்தின் நட்டஈட்டுக்கு முதல் விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்க யாருமே காசு வாங்கக்கூடாது. அமெரிக்கச் சட்டம் அப்படி. அந்தத் திணைக்களம் அங்கீகரித்த சட்டத்தரணிகளும் முகவர்களும்கூட முதல் முடிவு வந்த பிறகுதான் கட்டணம் கேட்கலாம். ஆனால் 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இதற்கான குற்றவியல் தண்டனையை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவிலேயே இந்தக் கூட்டம் பெருகிப்போய்விட்டது, இப்போது இங்கேயும் கடை விரித்திருக்கிறது. அங்கீகாரம் உள்ளவர்களின் பெயர்களை விஏ தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். அமெரிக்கன் லீஜன், டிஸேபிள்ட் அமெரிக்கன் வெட்டரன்ஸ் போன்ற முன்னாள் படையினர் அமைப்புகள் இந்த வேலையை இலவசமாகவே செய்து தருகின்றன. கொழும்பில் இருந்துகொண்டே அவர்களோடு தொடர்புகொள்ளலாம்.

இன்னொன்று. விஏ கணக்கின் பாஸ்வேர்டை "வசதிக்காக" என்று கேட்டு வாங்கினார்கள். அந்தக் கணக்குக்குள்தான் காசு போய்ச் சேரும் வங்கி விவரமும் இருக்கிறது. கொடுத்தவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள்.

முற்பணத்தைத் திருப்பிக் கேட்டால் "ஃபைல் திறந்தாயிற்று" என்கிறார்கள். பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். மொழிபெயர்ப்புக் கட்டணம் என்று பற்றுச்சீட்டு வாங்கிய வேறு குடும்பங்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம்.