பொஸ் டிஎஸ்-1: செம்மஞ்சள் பெட்டி யாழ்ப்பாண மேடையில் என்ன செய்யும்?

அமெரிக்க ரொக் குழுவான நிர்வாணாவின் ‘ஸ்மெல்ஸ் லைக் ரீன் ஸ்பிரிற்’ பாட்டு 1991 செப்டெம்பரில் வந்தபோது, இசைத்தட்டு நிறுவனம் நம்பியிருந்தது அடுத்து வரவிருந்த ‘கம் அஸ் யூ ஆர்’ பாட்டைத்தான். நடந்தது வேறு. 1992 ஜனவரியில் ‘நெவர்மைண்ட்’ தொகுப்பு, மைக்கல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ஸை அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டது. அப்போது அக்குழுவின் பாடகரும் கிற்றார்காரருமான கேர்ட் கோபேனின் காலடியில் கிடந்த பெட்டிதான் டிஎஸ்-1, கிற்றார் சத்தத்தைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் பொஸ் நிறுவனப் பெடல். 1978இல் சந்தைக்கு வந்தது, இன்றைக்கும் புதிதாக வாங்கலாம்.

வாங்கினால் அந்தச் சத்தம் வருமா? பாதி வரும். மீதிப் பாதி எங்கே போகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

பெட்டியில் மூன்றே குமிழ்கள்: இடப்பக்கம் ரோன் (ஒலியின் கூர்மை), நடுவில் லெவல் (சத்த அளவு), வலப்பக்கம் டிஸ்ற் (கரகரப்பின் அளவு). உள்ளே சிக்னலை முதலில் பெருக்கி, பிறகு இரண்டு டயோட்டுகளால் அலையின் உச்சிகளை மழுங்க வெட்டுகிறார்கள். மென்மையாக வளைக்கிற வகை இல்லை, கத்தியால் நறுக்குகிற வகை. அதனால்தான் கரகரப்பு இவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது. ரோன் சுற்று நடு அலைவரிசைகளைக் குழிவாக்கிவிடும். வீட்டில் தனியே வாசிக்கும்போது அது கம்பீரமாகக் கேட்கும். மேடையில் ட்ரம்ஸும் கீபோட்டும் சேர்ந்ததும் கிற்றார் காணாமல் போகும். அதற்கு டிஸ்றைக் கூட்டுவது பிழை, குறைப்பதுதான் மருந்து. டிஸ்ற் 2 மணி, ரோன் 10 மணி, லெவல் 12 மணியில் தொடங்குங்கள் (குமிழைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள்). ரோன் 12 மணியைத் தாண்டினால் தகரம் கீறுகிற சத்தம்தான்.

எங்கள் ஊரில் பெரிய சிக்கல் வேறு. கோயில் திருவிழா இசைக்குழுக்களில் பலர் கிற்றாரை அம்பிளிபயர் இல்லாமல் நேரே மிக்சரில் செருகுகிறார்கள். சினிமாப் பாட்டுக்கு வாசிக்கும் சுத்தமான கிற்றாருக்கு அது போதும். டிஎஸ்-1ஐ அப்படிச் செருகினால் தேன்கூட்டில் கல் எறிந்த மாதிரி இருக்கும். கிற்றார் அம்பிளிபயரின் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹேர்ட்சுக்கு மேலே உள்ளதைத் தானாகவே விழுங்கிவிடும். மேடை ஸ்பீக்கர்களோ முழுவதையும் வெளியே துப்பும். மிக்சரின் ‘ஹை’ குமிழைக் குறைத்தால் ஓரளவுதான் அடங்கும், ஏனென்றால் அது பெரும்பாலும் இன்னும் மேலேயுள்ள அலைகளைத்தான் தொடுகிறது. சிறிய அம்பிளிபயர் ஒன்றை வைத்து, அதன் ஸ்பீக்கர் முன்னால் மைக் பிடிப்பதுதான் சரியான வழி. அது கிடைக்காவிட்டால் ஸ்பீக்கர் சிமுலேற்றர் (கிற்றார் ஸ்பீக்கர் போலவே மேலலைகளை விழுங்கும் சுற்று) உள்ள டிஐ பெட்டி (கிற்றாரை மிக்சரோடு இணைப்பது). இரண்டும் இல்லையென்றால் டிஎஸ்-1 வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

அடுத்தது மிக்சர்காரர். ‘ரீன் ஸ்பிரிற்’ பாட்டின் உயிர் கரகரப்பில் இல்லை, மெல்லிய சரணத்துக்கும் வெடிக்கும் பல்லவிக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் இருக்கிறது. இந்த உத்தியை பிக்ஸீஸ் என்ற ரொக் குழுவிடமிருந்து எடுத்ததாக கோபேனே 1994இல் ஒப்புக்கொண்டார். பெடலை மிதித்ததும் சத்தம் ஏற, மிக்சர்காரர் பதறி ஃபேடரை இறக்கினால் பள்ளம் நிரம்பிவிடும், பாட்டு தட்டையாகும். ஒத்திகையிலேயே சரணத்தையும் பல்லவியையும் வாசித்துக் காட்டி, “இந்த இடத்திலை கை வைக்காதேங்கோ அண்ணை” என்று சொல்லிவையுங்கள்.

வாசிப்பதில் கடினம் ஒன்றுமில்லை. நான்கு பவர் கோட் (முதலாம், ஐந்தாம் சுரங்கள் மட்டும் உள்ளவை): எஃப், பி ஃப்ளாற், ஏ ஃப்ளாற், டி ஃப்ளாற். முதலாவதும் மூன்றாவதும் ஆறாம் நரம்பின் 1ஆம், 4ஆம் கட்டுகளில் (ஃப்ரெற்).​ மற்றவை ஐந்தாம் நரம்பில், அதே 1ஆம், 4ஆம் கட்டுகளில். முழுக் கோட் பிடிக்க வேண்டாம். இந்தப் பெடலில் மூன்றாம் சுரம் சேர்ந்தால், நாம் வாசிக்காத சுரங்களும் கூடவே முளைத்துச் சேறாகிவிடும். கோட்டுகளுக்கு இடையில் இடக்கையைத் தளர்த்தி நரம்பை மூடியபடி தட்டும் ‘சிக்சிக்’ சத்தம் விட்டுப்போனால் பாட்டு நொண்டும். பல்லவிக்கு முன்வரும் அலையலையான ஒலி டிஎஸ்-1 தருவதல்ல, அது ஸ்மோல் க்ளோன் என்ற கோரஸ் பெடல். இரண்டும் இருந்தால் டிஎஸ்-1 முதலில், கோரஸ் பிறகு.

மின்சாரம் 9 வோல்ற், நடுமுனை மறை (−). கீபோட் அடப்ரர் துளையில் நுழைகிறதே என்று செருகாதீர்கள். அவற்றில் பல 12 வோல்ற், நடுமுனை நேர் (+). பழைய டிஎஸ்-1 வாங்கினால் அடியிலுள்ள எழுத்தைப் பாருங்கள். ‘ஏசிஏ’ என்றிருந்தால் அது வேறு அடப்ரருக்கானது, சாதாரண 9 வோல்ற் கொடுத்தால் சிவப்பு விளக்கு மங்கலாக எரியும். பெடல் பழுது என்று விலை குறைத்து விற்பவர்களும் உண்டு, வாங்குபவருக்கு அது வாய்ப்பு.

ஜெனரேற்றரில் ஓடும் மேடையிலும், எர்த் இல்லாத மண்டபத்திலும் அடப்ரர் போட்டால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும் சேர்ந்து வரலாம். அங்கே பற்றறிதான் நல்லது. பெடல் இழுப்பது ஏறத்தாழ 4 மில்லி அம்பியர் மட்டும், ஒரு நல்ல அல்கலைன் பற்றறி பல கச்சேரிகளுக்குத் தாங்கும். ஆனால் உள்ளீட்டு வயர் செருகியிருக்கும் வரை, விளக்கு அணைந்திருந்தாலும், பற்றறி கரைந்துகொண்டே இருக்கும். வாசித்து முடிந்ததும் வலப்பக்க வயரைக் கழற்றுங்கள்.

நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ மாதிரி பைலா தாளத்துக்கு இதை மிதிக்கவே வேண்டாம், துள்ளல் முழுக்கச் செத்துவிடும்.

பெட்டி இரும்புபோல உழைக்கும். உப்புக்காற்றில் பழுதாவது செருகும் துளைகளும் குமிழ்களும்தான். குமிழைத் திருப்பும்போது ‘கரகர’ என்றால் கொன்ராக்ற் க்ளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது தடவை இரு பக்கமும் திருப்புங்கள். மாதக்கணக்கில் வாசிக்காமல் வைப்பதானால், மிதிபலகையின் திருகைத் தளர்த்தி பற்றறியை வெளியே எடுத்துவிட்டு மூடுங்கள்.