விண்டோஸ் 11-க்குப் போகலாமா, 10-க்கே திரும்பலாமா: கடையில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

திருவல்லிக்கேணி பெரிய தெருவை ஒட்டிய ஒரு சந்தில் பதினாறு வருடமாக டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, வாடகை ஒப்பந்தம், ஆடிட்டர் ஆபீஸ்காரர்களின் டிஜிட்டல் கையெழுத்து வேலை என்று எல்லாம் வரும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து, பிரிண்ட் எடுக்க வருகிறவர்களில் பலர் "அக்கா, பதினொண்ணு போட்டுடலாமா, இல்ல பத்துலயே இருந்துடலாமா?" என்று கேட்காமல் போவதில்லை. கூட்ட நேரத்தில் அவசரமாகச் சொல்லும் பதில் யாருக்கும் முழுசாகப் போய்ச் சேர்வதில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் மெஷின் 11-ஐ ஏற்கும் என்றால் போங்கள். நான் போயிருக்கிறேன், அந்த மெஷினில் இனி 10-க்குத் திரும்பும் எண்ணம் இல்லை. ஆனால் ஏற்றிய நாளிலிருந்து 10 நாளைக்குத்தான் திரும்பும் வழி திறந்திருக்கும். அதற்குள் உங்கள் ஒரு மாத வேலை மொத்தத்தையும் அதில் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். முதல் தடவை நான் அதைச் செய்யவில்லை, பட்டது கொஞ்சநஞ்சமல்ல.

கவுன்டரில் இருப்பது 2020-இல் வாங்கிய டெஸ்க்டாப், பத்தாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். 2024 நவம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி கடையைச் சாத்தும்போது அப்டேட்டைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஞாயிறு காலை வந்து பார்த்தால் எல்லாம் ஏறியிருந்தது, ஃபைல்கள் அப்படியே இருந்தன, பிரிண்ட் வந்தது, சரி முடிந்தது என்று விட்டுவிட்டேன். திங்கள்கிழமை ஒரு பெரியவர் பத்திரம் ஸ்கேன் எடுக்க வந்தார், ஸ்கேனர் மென்பொருள் திறக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை ஆடிட்டர் ஆபீஸ் பையன், டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் பென் டிரைவ் மாதிரியான டோக்கனைச் செருகினான், மெஷின் அதைக் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி தாக்கலுக்குக் கடைசி நாள். இரண்டுக்குமே புது டிரைவர், அதாவது அந்தக் கருவியை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் மென்பொருள், போட்டால் போதும் என்பது இப்போது தெரியும், அன்றைக்கு அதைத் தேடி உட்கார நேரமும் இல்லை, நிதானமும் இல்லை.

பழையபடி 10-க்கே போய்விடலாம் என்று செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்துக்குப் போனேன். 'கோ பேக்' வேலை செய்யவில்லை. நாலு நாள்கூட ஆகவில்லையே என்று பார்த்தால், கடையில் உதவிக்கு இருக்கும் என் அக்கா மகன், சி டிரைவ் சிவப்பாகக் காட்டுகிறது என்று முந்தின நாள் சாயங்காலம் டிஸ்க் கிளீனப் ஓட்டியிருக்கிறான். பழைய விண்டோஸ் நிறுவல் என்று 20 ஜிபிக்கு மேல் காட்டியிருக்கிறது, இது எதற்கு என்று டிக் அடித்து அழித்துவிட்டான். விண்டோஸ்.ஓல்டு என்ற அந்த ஃபோல்டர்தான் திரும்பும் வழி. அது போய்விட்டால் 10 நாள் கணக்கெல்லாம் கிடையாது. பையன் மேல் தப்பில்லை, அதைத் தொடாதே என்று நான்தான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டோம். அவர் டி டிரைவைத் தொடாமல் சி-யை மட்டும் ஃபார்மட் அடித்து 10-ஐப் போட்டார். அதே மெஷின் என்பதால் லைசன்ஸ் தானாக ஏறிக்கொண்டது, டோக்கன் ஓடியது, 20-ஆம் தேதியும் தப்பியது. ஆனால் திரும்பி வந்தது பழைய 10 இல்லை, வேறு ஒரு 10. அது மறுவாரம்தான் தெரிந்தது.

தமிழ் இலக்கியத்தில் பிஎச்.டி. முடிக்கும் ஒரு பெண், அவள் ஆய்வேடு முழுக்க எங்கள் கடையில் அடித்தது, லதா எழுத்துருவில் 214 பக்கம். பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் கடைசியாக ஒருமுறை திறக்கிறேன், கீழே 197 பக்கம் என்று காட்டுகிறது. பொருளடக்கத்தில் மூன்றாம் இயல் 88-ஆம் பக்கம் என்று இருக்கிறது, உள்ளே போனால் 81-இல் தொடங்குகிறது. அடிக்குறிப்புகள் பக்கம் மாறி நிற்கின்றன. வேர்டில் எழுத்துருப் பெட்டியில் லதா என்றே பெயர் தெரிகிறது, திரையில் இருப்பதோ நிர்மலா. அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கிறாள், நான் திரையைப் பார்க்கிறேன்.

காரணம் இதுதான். விண்டோஸ் 10 வந்ததிலிருந்தே லதாவும் விஜயாவும் கூடவே வருவதில்லை, தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்று தனியாக இருக்கின்றன. விண்டோஸில் தமிழை ஒரு மொழியாகச் சேர்த்தால் தானாக இறங்கிவிடும். இல்லையென்றால் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் போய் நாமே சேர்க்க வேண்டும். புதிதாக ஓஎஸ் போட்டவர் இங்கிலீஷை மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார், தட்டச்சுக்கு நாங்கள் தனி மென்பொருள் வைத்திருந்ததால் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்க வேண்டிய தேவையே வரவில்லை, அதனால் லதா வரவில்லை. எழுத்துரு இறங்கியதும் 214 பக்கம் அப்படியே திரும்பி வந்தது, அஞ்சு நிமிட வேலை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு மத்தியானம் போனது. புதிதாக ஓஎஸ் போட்டால், 10 ஆனாலும் 11 ஆனாலும், தமிழில் வேலை செய்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஏற்கெனவே தமிழ் சேர்த்திருக்கும் மெஷினில் மேலேயே ஏற்றினால் இந்தத் தொந்தரவு பொதுவாக வராது.

இரண்டாம் தடவை 2025 செப்டம்பரில், ஆதரவு முடியப்போகிறது என்றதும். இந்த முறை ஈ.பி. பராமரிப்புக்காக எங்கள் ஏரியாவில் கரண்ட் நிறுத்தும் நாள் எது என்று பார்த்து அதைத் தவிர்த்தேன், டி டிரைவ் முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்தேன், ஸ்கேனருக்கும் டோக்கனுக்கும் புது டிரைவரை முன்கூட்டியே பென் டிரைவில் வைத்துக்கொண்டேன். 10 நாள் என்ற கெடுவை 60 நாள் வரை நீட்ட ஒரு கட்டளை இருக்கிறது, டிஸ்ம் என்ற கருவியில் கொடுக்க வேண்டும், ஏற்றிய அன்றே, வழி திறந்திருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். கொடுத்தேன். மானிட்டரில் "சி டிரைவைத் தொடாதே" என்று ஒரு சீட்டும் ஒட்டினேன்.

அப்புறம் வேலை வந்தால் பார்ப்போம் என்று காத்திருக்காமல் நாங்களே வேலையை வரவழைத்தோம். பழைய ஆய்வேடு ஒன்றைத் திறந்து பக்கக் கணக்கு பார்த்தோம், ஏ3-இல் ஒரு பத்திரிகை அடித்தோம், இருபுறமும் பிரிண்ட், லீகல் சைஸ் ஸ்கேன், ஆடிட்டர் பையனைக் கூப்பிட்டு டோக்கன் சோதனை, யு.பி.எஸ்.-ஐ அணைத்துப் போட்டு மறுபடி எழுகிறதா என்று பார்த்தது, மாதக் கடைசியில் நான் போடும் கணக்கு ஃபைல், எல்லாம் நாலே நாளில் முடிந்தது. ஸ்கேனர் மட்டும் ஒருமுறை மக்கர் செய்தது, டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டதும் சரியானது.

இப்போது 11 எப்படி என்று கேட்டால், முதல் வாரம் கை தடுமாறும், அப்புறம் பழகிவிடும். ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்து உட்காரும், செட்டிங்ஸில் இடது பக்கத்துக்கே தள்ளிவிடலாம். டாஸ்க்பாரையே பக்கவாட்டில் வைக்க மட்டும் நான் ஓட்டும் 24எச்2 என்ற 11-இன் பதிப்பில் வழியில்லை. ஏ4 பக்கம் முழு உயரமும் திரையில் தெரிய வேண்டும் என்று வருடக்கணக்காக டாஸ்க்பாரை இடது ஓரத்தில் வைத்து வேலை செய்தவள் நான், இது எனக்கு நிஜமான இழப்பு. ரைட் கிளிக் செய்தால் பாதி வசதிகள் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போய்விடுகின்றன, ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்தினால் பழைய மெனு நேராக வரும், அதை விரல் கற்றுக்கொண்டுவிட்டது. 24எச்2-இல் வேர்ட்பேட் கிடையாது, அதில் வேலை செய்கிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லதும் நிறைய இருக்கிறது. ஃபோல்டர் ஜன்னலில் டேப் வந்தது டி.டி.பி. வேலைக்கு வரப்பிரசாதம், வாடிக்கையாளர் ஃபோல்டர் ஒன்று, டெம்ப்ளேட் ஒன்று, பென் டிரைவ் ஒன்று என்று மூன்றையும் ஒரே ஜன்னலில் வைத்துக்கொள்கிறேன். தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன, விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸ் பாரும் சேர்த்துத் தட்டினால் மாறிக்கொள்ளலாம், தனி மென்பொருளை எடுத்தே விட்டேன். வேகத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று. குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் என்று போட்டிருப்பார்கள், அதை நம்பி இறங்காதீர்கள், 8 வேண்டும். இன்னும் பழைய சுழலும் ஹார்டு டிஸ்கில் ஓட்டுகிறீர்கள் என்றால் 10-ஆ 11-ஆ என்று யோசிக்கும் முன் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போடுங்கள், நீங்கள் தேடும் வேகம் அதில்தான் இருக்கிறது.

11 போடும்போது யாருடைய மின்னஞ்சலில் அக்கவுன்ட் திறக்கிறார்கள் என்று கூடவே நின்று பாருங்கள். வைவாவுக்கு முந்தின நாள் ஒரு மாணவன் லேப்டாப்போடு ஓடி வந்தான், நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்டுக்கொண்டு நிற்கிறது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு 24எச்2-ஐப் புதிதாகப் போட்டால் டிரைவ் தானாகவே பூட்டப்படும் மெஷின்கள் நிறைய, சாவி அந்த அக்கவுன்ட்டில் சேர்ந்திருக்கும். இவனுக்கு ஓஎஸ் போட்டுக் கொடுத்தவர் தன் சொந்த மின்னஞ்சலில் திறந்திருக்கிறார், அவர் போனை எடுக்கவில்லை. ராத்திரி பத்தரைக்கு ஆளைப் பிடித்துச் சாவியை வாங்கி, பிபிடி-யை வெளியே எடுக்கும்போது அந்தப் பையன் அழுதேவிட்டான். சாவியை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள், தயவுசெய்து.

உங்கள் மெஷின் ஏற்குமா என்பதற்கு பிசி ஹெல்த் செக் என்ற மைக்ரோசாஃப்ட் கருவி போதும். பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறை, ரைசன் 2000 வரிசையிலிருந்து ஏற்கும். 11 கேட்கும் டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று காட்டினால் மனம் தளர வேண்டாம், நிறைய டெஸ்க்டாப்களில் அது பயாஸில், அதாவது விண்டோஸ் எழும் முன் வரும் செட்டிங்ஸில், அணைந்து கிடக்கும். இன்டெல்லில் பி.டி.டி., ஏ.எம்.டி.-யில் எஃப்.டி.பி.எம். என்ற பெயரில் தேடுங்கள்.

ஏற்காத மெஷின் ஒன்று என்னிடமும் இருக்கிறது, 2017-இல் வாங்கிய ஏழாம் தலைமுறை. நன்றாக ஓடுகிறது, தூக்கிப்போட மனசு வராது. அதை 10-இலேயே வைத்து, நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் சேர்த்துவிட்டேன். தனிநபர் மெஷின்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டும் வேண்டும், செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கிடையாது, இல்லையென்றால் 30 டாலர். பென் டிரைவில் ஏதோ செய்து பழைய மெஷினிலும் 11 ஏற்றித் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு, ஏறத்தான் செய்கிறது. ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. சம்பாதித்துக் கொடுக்கிற மெஷினில் அந்தச் சோதனை எனக்கு வேண்டாம்.

புது லேப்டாப்பை வாங்கி, 11 பிடிக்கவில்லை, 10 போட்டுத் தாங்க என்று வருகிறவர்களுக்கு மட்டும் நேராகவே முடியாது என்கிறேன். கடையிலிருந்து 11-ஓடு வந்த மெஷினில் 'கோ பேக்' கிடையாது, ஃபார்மட் அடித்துத்தான் போட வேண்டும். புது மாடல்களுக்கு 10-க்கான டிரைவரைத் தயாரிப்பாளரே கொடுக்காமல் இருக்கலாம், வைஃபையும் டச்பேடும் இல்லாத லேப்டாப்பை வைத்து என்ன செய்வது.

கடைசியாக, உள் அறையில் ஒரு விண்டோஸ் 7 மெஷின். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது. பின்பக்கம் பழைய பிரிண்டர் போர்ட்டில் விரல் நீளத்துக்கு ஒரு பூட்டு செருகியிருக்கும், அது இருந்தால்தான் எங்கள் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள் திறக்கும், அந்த போர்ட்டே இல்லாத புது மெஷினில் அதை எங்கே செருகுவது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த கோயில் மலர்கள், சங்க ஆண்டறிக்கைகள், இப்போது உயிரோடு இல்லாத சிலர் கையெழுத்தில் கொடுத்து நான் அடித்த கவிதைப் புத்தகங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன், வெளிப் பென் டிரைவ் எதுவும் அதில் ஏறாது. ராத்திரி கடை சாத்திய பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபைலாக யூனிகோடுக்கு மாற்றுகிறோம், ஒற்று எங்கே விழுந்தது, கொம்பு எங்கே இடம் மாறியது என்று அக்கா மகன் சத்தம் போட்டு வாசிக்க நான் சரிபார்க்கிறேன். 1,100 ஃபைலில் 640 முடிந்திருக்கிறது.