டெஸ்லா சுருள்: கணினியில் கணிப்பதா, கையால் கட்டுவதா?

உதகையில் ஒரு கல்லூரி மாணவர் டெஸ்லா சுருளை (முதன்மைச் சுருள், துணைச் சுருள் என்னும் இரு கம்பிச் சுருள்களால் மிக உயர்ந்த மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்பொறிகளை எழுப்பும் கருவி) புரிந்துகொள்ள விரும்பினால், கணினி மாதிரியில் தொடங்குவதா, செம்புக் கம்பியைச் சுற்றத் தொடங்குவதா என்னும் கேள்வி எழும். ஒத்ததிர்வை, அதாவது இரு சுருள்களின் சுற்றுகளும் ஒரே அதிர்வெண்ணில் அதிர்வதை, பொறுத்தவரை என் வாக்கு கணினிக்கே. துணைச் சுருளின் மின்தூண்டல் 25 மில்லிஹென்றி, உச்சியிலுள்ள உலோக வளையத்தையும் சேர்த்து மின்தேக்குத்திறன் 20 பிக்கோஃபாரட் என்றால், அதிர்வெண் ஏறக்குறைய 225 கிலோஹெர்ட்ஸ் என்று நொடியில் தெரிந்துவிடும். முதன்மைச் சுருளில் எந்தச் சுற்றிலிருந்து இணைப்பை எடுத்தால் இரண்டும் ஒத்திசையும் என்பதையும் கம்பியை வீணாக்காமல் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

பொறி கிளம்பிய பிறகு நிலைமை வேறு. கிளைத்து நீளும் பொறியே கூடுதல் மின்தேக்கியாகச் செயல்பட்டு அதிர்வெண்ணைக் குறைக்கிறது. அதன் வடிவம் ஒவ்வொரு முறையும் மாறுவதால், இந்த விளைவு எளிய மாதிரிகளில் ஊகமாகவே நுழைகிறது. மேலும், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடக் கணிசமாகக் குறைவு என்பதால், சென்னையில் சரிசெய்த தீப்பொறி இடைவெளி (முதன்மைச் சுற்றில் பொறி தாவி, சுவிட்சுபோல் செயல்படும் இடைவெளி) இங்கே குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறியும். (1899இல் இச்சுருளைக் கண்டுபிடித்த நிக்கோலா டெஸ்லா சோதனைகள் நடத்திய அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸும் உயரமான ஊர்தான், எனினும் உதகையைவிடத் தாழ்வானது.) மூடுபனிக் காலத்தில் துணைச் சுருளைத் தாங்கும், ஈரம் படிந்த பிவிசி குழாயின் மேற்பரப்பில் மின்சாரம் கசிவதையும் அத்தகைய மாதிரி தானாகச் சொல்லாது.

கைச்சோதனையில் ஆபத்து உண்டு: மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். ஆகவே அனுபவமுள்ள ஆசிரியர் உடனில்லாதபோது கணினியோடு நிற்பதே நலம். அவர் உடனிருந்தால், பொறி அதிர்வெண்ணைக் குறைப்பதற்கு ஈடாக முதன்மைச் சுருளின் இணைப்பை, கணக்கிட்ட புள்ளியிலிருந்து கால் சுற்று கால் சுற்றாக வெளிப்புறம் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் பொறியின் நீளத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.